எக்ஸ்ரேயில் ஒண்டும் இல்லை

"படத்தில ஒண்டும் இல்லையாம் பிள்ளை." அம்மா பழுப்பு என்வலப்பைக் கதிரையில் வைத்துவிட்டுச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலும்தான். மூன்று மாதமாகக் காலமையில் விரல் மடங்குதில்லை, தேங்காய் திருவ ஏலாது என்று சொல்லிக்கொண்டிருந்தவா. "அப்ப சும்மா யோசிச்சுத்தான் உங்களுக்கு நோகுது" என்று சொல்லிவிட்டு கம்பஸுக்கு பஸ் ஏறிட்டன்.

இப்ப நினைச்சாலும் கூசுது.

நான் வரலாறு படிக்கிறவள். ஆவணத்தில் இல்லாத ஒன்றை நடக்கவேயில்லை என்று எழுதக்கூடாது என்பது முதல் வருசப் பாடம். வீட்டில் அது நினைவுக்கு வரேல்லை.

பிறகு வேறொரு டொக்டர் விரல் மொளிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். காலமை விறைப்பு எவ்வளவு நேரம் நிக்கும் என்று கேட்டார். "சமையல் முடியுமட்டும்" என்றா அம்மா. இரத்தப் பரிசோதனை, கையோடு காலுக்கும் எக்ஸ்ரே. "நோகிறது கை, காலை ஏன் படம் பிடிக்கினம்?" என்று முணுமுணுத்தா. ருமற்றொயிட் ஆத்ரைற்றிஸில் சிலருக்குப் பாதத்தின் சின்ன விரலடியில்தான் எலும்பு அரிப்பு முதலில் தெரியுமாம்.

அந்தப் படங்களும் சுத்தம். ஆனால் டொக்டர் விடவில்லை, ஸ்கான் செய்யச் சொன்னார். மணிக்கட்டில் குளிர்ந்த ஜெல். திரையில் முதலில் வெறும் சாம்பல் நிறம். பவர் டொப்ளரைப் போட்டதும் மூட்டுக்கு மேலே செம்மஞ்சள் புள்ளிகள் மினுங்கின. அழற்சியால் தடிச்ச சவ்வுக்குள் இரத்தம் ஓடுகிற இடங்கள் அவை. அம்மா மூன்று மாதமாகச் சொன்னது அங்கே நிறத்தில் இருந்தது.

எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அது எலும்பைத்தான் காட்டும். இந்த நோய் தொடங்குவது மூட்டின் உட்சவ்வில். எலும்பின் ஓரம் கடிபட்டதுபோலப் படத்தில் தெரிகிறபோது சேதம் ஏற்கெனவே நடந்திருக்கும், அது பெரும்பாலும் திரும்பி வளராது. எம்.ஆர்.ஐ. இன்னும் உள்ளே போய் எலும்பு மச்சையின் வீக்கத்தையும் காட்டும். ஸ்கானால் அது ஏலாது.

1895இல் ரொண்ட்ஜன் எடுத்த தன் மனைவியின் கைப் படத்தில் எலும்பும் மோதிரமும் தெரியும். அம்மாவின்ர படத்தில் மோதிரம் இல்லை. விரல் வீங்க, சவர்க்காரம் போட்டுக் கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சுக் கனநாள். அதைப் பார்க்க எனக்கு ஒரு மெசினும் தேவைப்பட்டிருக்காது.

அப்ப ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஸ்கான் எடுத்தால் நல்லதுதானே என்று தேடிப் பார்த்தன். 2016இல் வெளிவந்த நோர்வே ஆய்வொன்றில், மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, நோயாளியிடம் கேட்டு, இரத்தம் சோதித்து மருந்தைக் கூட்டிக் குறைச்ச ஆக்களை விட, அதோடு ஸ்கானையும் பார்த்து மருந்து குடுத்தவைக்கு இரண்டு வருசத்தில் மேலதிக நன்மை கிடைக்கவில்லை. எனக்கு அந்த முடிவு பிடிச்சிருந்தது. சந்தேகமான இடத்தில் ஸ்கான் வேணும்தான், அம்மாவுக்கு உதவினதும் அதுதான்.

இப்ப கிழமைக்கு ஒருநாள் மெத்தொட்றெக்சேற். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியிலிருந்து கோல் எடுத்து ஞாபகப்படுத்துவன். அடுத்த வருசம் திரும்பவும் எக்ஸ்ரே எடுத்துப் பழசோட பக்கத்தில வைச்சுப் பார்ப்பினம். அண்டைக்கும் "ஒண்டும் இல்லை" எண்டுதான் நாங்கள் கேக்க வேணும்.

"காலமை விறைப்பு எவ்வளவு நேரம் அம்மா?"

"தேத்தண்ணி ஆறுமட்டும்" என்றா போன கிழமை.