பேரை அழிச்சா போதுமா?

மூணு வருஷம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரி புராஜெக்ட்ல ஆணி புடுங்கிக்கிட்டிருந்தேன். மேமோகிராம் படத்தைப் பார்த்து புற்றுநோய் இருக்கான்னு சொல்ற மாடல். படங்களோட வந்த எக்செல் ஷீட்ல பேரு, போன் நம்பர் எல்லாம் துடைச்சாச்சு. வயசு, பின்கோடு, அட்மிட் ஆன தேதி மட்டும் பாக்கி. கை சும்மா இருக்காம எங்க ஊர் பின்கோடைப் போட்டுத் தேடினேன். ஒரே ஒரு வரி. 61 வயசு. தேதியைப் பார்த்ததும் திக்குன்னு ஆயிடுச்சு. பெரியம்மா 'காசிக்குப் போறேன்'னு கிளம்பிப் போன அதே வாரம்.

(உறவுமுறையும் வயசும் மாத்தியிருக்கேன். பின்ன, நானே போட்டுக் கொடுக்கலாமா? :-))

இது பழைய கதைதான். 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்ல அரசு ஊழியர்களோட மருத்துவப் பதிவுகளைப் பேர் நீக்கி ஆராய்ச்சிக்குக் கொடுத்தாங்க. லதான்யா ஸ்வீனிங்கற மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கினாங்க. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூணையும் ஒட்டிப் பார்த்து, கவர்னர் வில்லியம் வெல்டோட பதிவையே எடுத்துட்டாங்க!

அந்த ஷீட்டுக்கு அப்புறம்தான் ஃபெடரேட்டட் லேர்னிங் பத்தி உருப்படியா படிச்சேன். 2016-ல் கூகுள்காரங்க பேர் வெச்சது. ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்கும் போய் குழம்பு வைக்கக் கத்துக்கலாம், மசாலா டப்பாவைத் தூக்கிட்டு வரக் கூடாது. அவ்வளவுதான். மாடல் ஆஸ்பத்திரிக்குப் போகும், அங்கேயே படிக்கும், மாறின எண்களை மட்டும் திருப்பி அனுப்பும். நடுவுல இருக்கிற சர்வர் எல்லாத்தையும் சராசரி எடுத்து மறுபடி அனுப்பும். மூளைக் கட்டியோட எல்லையைக் கண்டுபிடிக்க 71 இடங்கள், 6,314 நோயாளிகள்னு இப்படிப் படிச்ச ஆய்வு 2022-ல் வெளிவந்துச்சு. அந்தக் கூட்டுப் பயிற்சிக்காக ஸ்கேன்களை ஒரே இடத்துல குவிக்கலை.

ஆனா அந்த எண்களும் வாய் திறக்கும். அதுல இருந்தே பயிற்சிப் படத்தைத் திரும்ப வரைய முடியும்னு 2019-ல எம்.ஐ.டி.காரங்க செஞ்சு காட்டினாங்க. அதனால எண்களோட கொஞ்சம் இரைச்சலைக் கலக்கணும். கலந்தா அபூர்வமான கேஸ்கள்தான் முதல்ல மங்கும். ஒரு பின்கோடுக்கு ஒரே ஆளா நிக்கிறவங்கதான் சுலபமா மாட்டுவாங்க. இரைச்சல் போட்டா அவங்களைத்தான் மாடல் சரியா கத்துக்காது. எவ்வளவு கலக்கறதுன்னு மீட்டிங்ல பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஒரு வரிதான் கண்ணுல நிக்கும்.

அந்த வருஷ தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ, காசிக் கயிறுன்னு ஒண்ணைப் பெரியம்மா என் மணிக்கட்டுல கட்டி விட்டாங்க.

"கங்கை எப்படியிருந்துச்சு பெரியம்மா?"

"நிறையத் தண்ணிடா"ன்னாங்க.