ஊர் கூடி இழுக்கும் தேர்

ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. ஆயினும், கூடினால் மட்டும் போதாது; வடம் பிடிப்போர் அனைவரும் தேர் சேரவேண்டிய நிலையை அறிந்திருத்தல் வேண்டும். பள்ளிக் கல்வியும் அத்தகைய தேரே ஆகும்.

நான் உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்தவன். பாடங்களை முடித்தலே ஆசிரியர் கருதும் முடிபு. மதிப்பெண்ணே பெற்றோர் விரும்பும் பயன். வருகைப் பதிவே மேற்பார்வையாளர் காணும் அளவு. மூவரும் உழைப்பர், ஆயினும், மூன்று திசையில் இழுப்பர். இடையே, ஐந்தாண்டு பயின்றும் ஒரு பத்தியைப் படிக்க இயலாமல் ஆறாம் வகுப்பில் அமர்ந்து விழிக்கும் சிறுவனை யார் காண்பார்?

நடவு வேலைக்குச் செல்லும் தாய் ஒருத்தி ஒருமுறை என்னிடம், "ஐயா, என் சின்ன மகள் மூன்றாம் வகுப்பு முடிப்பதற்குள் என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று வினவினாள். "நன்றாகப் படிக்க வேண்டும்" என்றால் அவளுக்கு என்ன விளங்கும்? ஆதலின், "அம்மா, புதிய கதை ஒன்றைத் தானே படித்து உங்களுக்குச் சொல்லவேண்டும், கடையில் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கவேண்டும்" என்றேன். எழுத்தறியாத அத்தாயும் அன்று முதல் மகளின் கல்வியை அளக்கலானாள்.

எம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றின் உறுப்பினர்க்குரிய தகுதிகளையும், கணக்குக் காட்டாதோர் விலக்கப்படுதலையும் அவை விரித்துரைக்கின்றன. அஃது அந்தணர் சபை. மகளிர்க்கும் பிறர்க்கும் அதில் இடமில்லை. எனினும், பொதுக்கடமையின் அளவுகோலை ஊரறியப் பொறித்துவைத்த அம்முறை போற்றத்தக்கதன்றோ?

இன்று, 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் மகளிர். எட்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025 ஆம் ஆண்டிற்குள் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்னும் இலக்குடன், 2022 இல் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பெற்றது. குறித்த ஆண்டு வந்துவிட்டது. ஆனால், புதிய குழந்தைகள் ஆண்டுதோறும் வருவர். ஆதலின், அவ்விலக்கு ஏட்டில் உறங்காமல், ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் எளிய சொற்களில் எடுத்துரைக்கப்படல் வேண்டும்.

மாணவர்களே, இவ்வாண்டின் முடிவில் நீங்கள் எவற்றைச் செய்ய வல்லவராதல் வேண்டும் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். கேட்டதை வீட்டிற் சென்று சொல்லுங்கள். சேருமிடம் தெரிந்தால், வடம் பிடிக்கும் கைகள் தாமே ஒன்றுபடும்.