எந்த வாசலால் திரும்புவது?

1987 ஜூன் 4 இரவு திருவிடைமருதூர் தேரடியில் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். பெங்களூரிலிருந்து கிளம்பிய ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து, ஏறத்தாழ 25 டன் நிவாரணப் பொருளைப் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தன. முந்தின நாள்தான் ராமேசுவரத்திலிருந்து போன உதவிப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியிருந்தது. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் சனங்கள் இலங்கைப் படையின் குண்டுவீச்சில் செத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது கும்பகோணம் மகளிர் கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம், சந்தோஷத்தில்.

இலங்கைப் போர் அதற்கு முன்பே எங்கள் ஜில்லாவுக்கு வந்திருந்தது. தஞ்சாவூர் ஜில்லா அன்று பிரியவில்லை. வேதாரண்யமும் கோடியக்கரையும் அதில் சேர்த்தி. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அந்தக் கரையிலிருந்துதான் வல்வெட்டித்துறைக்கு இரவுப் படகுகள் போய்வந்தன. ஒரத்தநாடு பக்கம், ஈழப் போராளி இயக்கங்களில் ஒன்றான புளொட்டின் முகாம்கள் இருந்தது ஊரறிந்த சங்கதி. மத்திய அரசின் உளவு அமைப்பான ‘ரா’ பல இயக்கங்களுக்கும் ஆயுதப் பயிற்சி கொடுத்தது. கொழும்பை நெருக்கத் தனக்கு ஒரு பிடி வேண்டும் என்பது டெல்லியின் கணக்கு. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. காயத்துக்கு மருந்து கட்டிக்கொள்ள வந்து பக்கத்துக் காலி வீட்டில் தங்கியிருந்த இயக்கப் பையன்களுக்கு அம்மா சோறு போட்டாள், அவ்வளவுதான். அவர்கள் கேட்டார்கள் என்று புட்டும் சம்பலும் செய்யக்கூடப் பழகிக்கொண்டாள். மீசை சரியாக அரும்பாதவன் ஒருவன், “அம்மா, எங்கட வீட்டுச் சம்பல் மாதிரியே கிடக்கு” என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். ஒருநாள் காலை பார்த்தால் வீடு காலி. கடல் தாண்டிப் போய்விட்டார்கள்.

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் ராஜீவைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்தான். அதே நாளில் இந்திய ராணுவம் பலாலியில் இறங்கத் தொடங்கியது. ராணுவத்தின் சிக்னல் பிரிவில் இருந்த என் அண்ணனும் ஆகஸ்டில் போனான். “மாலை போடுகிறார்கள், இளநீர் வெட்டித் தருகிறார்கள், தீபாவளிக்கு வந்துவிடுவேன்” என்று கடிதம் வந்தது.

எங்கள் மகாலிங்கசுவாமி கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பிரம்மஹத்தி தோஷம் பிடித்த வரகுண பாண்டியன் கிழக்கு வாசல் வழியே உள்ளே நுழைந்தபோது, தோஷம் அங்கேயே நின்றுவிட்டதாம். அவன் திரும்பும்போது பிடித்துக்கொள்ளக் காத்திருந்ததாம். அவன் மேற்கு வாசலால் வெளியேறித் தப்பினான். இன்றைக்கும் நுழைந்த வாசலால் திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். தாத்தா அன்று அண்ணனின் கடிதத்தை மடித்துக்கொண்டே, “போனவனுக்கு மேற்கு வாசல் எங்கே இருக்குன்னு யாராவது பார்த்து வெச்சிருக்காங்களா?” என்றார். அந்தக் கேள்வியை டெல்லியில் ஒருவரும் உரக்கக் கேட்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒப்பந்தப்படி விடுதலைப் புலிகள் ஆயுதங்களில் ஒரு பகுதியை ஒப்படைத்தார்கள், மீதியை வைத்துக்கொண்டார்கள். செப்டம்பர் 26 அன்று நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த புலிகளின் திலீபன் இறந்தான். அக்டோபர் 5 அன்று, இலங்கைப் படை பிடித்துவைத்திருந்த புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் சயனைடு தின்று செத்தார்கள். அக்டோபர் 10 அன்று இந்திய ராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படை வீரர்கள் 30 பேரில் ஒருவர்தான் மிஞ்சினார். பத்து நாள் கழித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக எழுபது பேர்வரை இந்திய ராணுவத்தால் கொல்லப்பட்டார்கள். இதை எழுதுவது தேசத்துரோகம் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. எழுதாமலிருப்பதுதான் செத்தவர்களுக்குச் செய்யும் துரோகம். இரண்டு பக்கத்திலும் செத்தவர்களுக்கு.

தமிழ் தெரிந்தவன் என்பதால் அண்ணன் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்களாம். வீடுகளை விட்டு நல்லூர்க் கோயிலுக்குப் போங்கள் என்று தெருத்தெருவாக அறிவிக்க வேண்டும். ஒரு கிழவி படலையில் நின்றுகொண்டு, “தம்பி, நீர் தமிழோ? எங்களைக் காக்க வந்தனீரோ, கலைக்க வந்தனீரோ?” என்று கேட்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஹவில்தார் அவள் என்ன சொல்கிறாள் என்று இந்தியில் கேட்டார். “தண்ணீர் கேட்கிறாள்” என்று சொன்னானாம்.

ஒரு டிவிஷனாகப் போன படை நான்கு டிவிஷனாகப் பெருகியது. 1965இல் தா நாங் விமானத் தளத்தைக் காக்கவென்று இறங்கிய 3,500 அமெரிக்க மரைன்களும் இப்படித்தான். மூன்றே வருஷத்தில் வியட்நாமில் ஐந்து லட்சம் அமெரிக்கர்கள் இருந்தார்கள். செத்தவனுக்காக இன்னொருவனை அனுப்புவது, அனுப்பியவனைக் காக்க இன்னும் பத்துப் பேரை அனுப்புவது. இலங்கையில் எங்களவர் ஏறத்தாழ 1,200 பேர் செத்தார்கள். 1989இல் இலங்கையின் புது ஜனாதிபதி பிரேமதாச வெளியேறச் சொன்னார். இந்தியப் படையை விரட்டப் புலிகளுக்கு அவர் அரசே ஆயுதம் கொடுத்தது பின்னால் வெளிவந்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையினர் திருகோணமலையில் கப்பலேறினார்கள். சென்னையில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை.

அண்ணன் ராணுவத்தை விட்டு ஊருக்கு வந்தபோது தாளடி நடவு நேரம். வயலில் இறங்கினான், யாரோடும் பேசவில்லை.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். சில வாரம் கழித்து, இலங்கைப் பையன்களுக்கு இடம் கொடுத்தவர்கள் யார் யார் என்று விசாரிக்க எங்கள் தெருவுக்கும் ஆள்கள் வந்தார்கள். யார் யாருக்குச் சோறு போட்டாய், எந்த இயக்கம், என்ன பேர் என்று அம்மாவை வாசலில் நிற்கவைத்துக் கேட்டார்கள். அண்ணன் உள்ளே போய்த் தன் ராணுவக் காகிதங்களை எடுத்துவந்து நீட்டினான். அதை வாங்கிப் பார்த்தவர் திண்ணையில் உட்கார்ந்தார். நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு அவனிடம் கேட்கத் தொடங்கினார்: யாழ்ப்பாணத்தில் உனக்கு யாரையெல்லாம் தெரியும்?