வடக்கு நோக்கி – 4: படிக்கட்டு இல்லாத குகை

ரொறன்ரோவிலிருந்து தொபர்மோரி ஏறத்தாழ 300 கிலோமீற்றர். ஸ்காபரோவில் விடியுமுன் காரை எடுத்தால், ஓவன் சவுண்டில் ஒரு கோப்பி குடித்துவிட்டு, காலைப் பொழுதிலேயே புரூஸ் தீபகற்பத் தேசியப் பூங்காவுக்குப் போய்விடலாம். ஆனால் கோடை நாட்களில், வாகனத் தரிப்பிடத்தை முன்பே பதிவு செய்யாதவர்களுக்குக் கிரொட்டோ குகையைப் பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. எங்களுக்கு முன்னால் நின்ற வான் நிறையப் பிள்ளைகளும் சோற்றுப் பெட்டிகளும். அதைத் திருப்பி அனுப்பினார்கள். பாவமாகத்தான் இருந்தது. குகையைப் பார்த்த பிறகு அந்தக் கண்டிப்பின் அவசியம் விளங்கியது.

தரிப்பிடத்திலிருந்து காட்டுப் பாதையில் அரை மணி நேரத்துக்குக் குறையாத நடை. திடீரென்று மரங்கள் முடிந்து, ஜோர்ஜியன் விரிகுடா பச்சையும் நீலமுமாய் விரிகிறது. டொலமைற் பாறையை அலைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் குடைந்த குகை, செங்குத்துப் பாறையின் அடியில் இருக்கிறது. உள்ளே ஒரு குளம். நீருக்கடியில் விரிகுடாவை நோக்கிய துவாரம் ஒன்று. அதன் வழியே வரும் வெளிச்சத்தில் குளத்தின் அடிப்பகுதி ஒளிர்கிறது.

இறங்குவதற்குப் படியும் இல்லை, கம்பியும் இல்லை. பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, காலால் துழாவித் துழாவி அடுத்த பிடிமானத்தைத் தேட வேண்டும். காய்ந்த கல் சொரசொரவென்று கையைக் கீறும். ஈரமான கல் வழுக்கும். முன்னால் இறங்கிய இளைஞர் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். பாறையைப் பற்ற அவருக்கு மிஞ்சியது ஒரு கைதான். விழுந்தால் உதவி சட்டென்று வராது. கைபேசிச் சமிக்ஞை நம்பத்தக்கதல்ல. காயப்பட்டவரைக் காட்டுப் பாதை வழியே தூக்கிவர வேண்டும். மருத்துவமனை தெற்கே லயன்ஸ் ஹெட்டில் இருக்கிறது. கோடையிலும் இந்த நீர் உடம்பை விறைக்கச் செய்யும் குளிர்.

படிக்கட்டு கட்டினால் என்ன? இதே ஒன்ராறியோவில், ஈகன்வில் அருகே பொனெஷேர் சுண்ணக்கல் குகையை அப்படித்தான் 1955இல் டொம் வூட்வேர்ட் மக்களுக்குத் திறந்துவிட்டார். நீரை வெளியேற்றி, மரப்பலகை நடைபாதை போட்டு, மின்விளக்கு மாட்டினார்கள். வழிகாட்டியுடன் முதியவர்களும் போய்வரலாம். கொடைக்கானலின் குணா குகை இதற்கு நேரெதிர். ஆழம் தெரியாத பிளவுகளில் பல உயிர்கள் போயின. 2006இல் மஞ்ஞும்மலிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் உள்ளே விழ, நண்பரே கயிற்றில் இறங்கி மீட்டார். இன்று கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். அந்தப் பள்ளங்களுக்கு அதுவே சரி.

கிரொட்டோவில் பூங்கா நிர்வாகம் பெரிதும் நம்பியிருப்பது ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதை. தரிப்பிடப் பதிவு நான்கு மணி நேரத்துக்கு மட்டும். ஏறுபவருக்கும் இறங்குபவருக்கும் ஒரே இடுக்குதான். கூட்டம் சேர்ந்தால் வழிவிட ஒதுங்குபவர் விளிம்பில்தான் நிற்க வேண்டும். ஆகவே வாசலில் கார்களைக் குறைப்பதே இங்கே முதல் பாதுகாப்பு. கம்பியும் கொங்கிறீற்றும் வராததில் எனக்கு மகிழ்ச்சியே. இந்தக் குன்றுத்தொடரின் பாறை இடுக்குகளில் நிற்கும் குட்டை வெண் சீடர் மரங்களில் சிலவற்றின் வயது ஆயிரத்தைத் தாண்டியது என்று குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றின் வேருக்குப் பக்கத்தில் துளைபோட மனம் வராது.

ஒரு குறை மட்டும் உறுத்தியது. அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. பாறையில் கேட்ட பேச்சோ தமிழ், பஞ்சாபி, சீனம். கோடை தொடங்குமுன் ரொறன்ரோவின் தமிழ் வானொலிகளும் ஊர்ச் சங்கங்களும் இதைச் சொல்லலாம்: பிடிமானமுள்ள சப்பாத்து போடுங்கள், அலை அடிக்கும் நாளில் இறங்காதீர்கள், நீச்சல் தெரிந்தாலும் அந்த நீரடித் துவாரத்துக்குள் நுழையாதீர்கள், முழங்கால் நோவுள்ள அம்மா, அப்பாவை மேலேயே உட்காரவையுங்கள். மேலிருந்தும் விரிகுடா முழுதாகத் தெரிகிறது.

(அடுத்த இதழில்: சீ-சீமான் கப்பலில் மனிற்றூலின் தீவுக்கு)