சிறகொடிந்த குதிரை



பிள்ளையின் கையில் இருக்கும் பொருளைப் பறிக்க ஒரு நொடி போதும். அவன் மனத்தைத் திரும்பப் பெற எத்தனை நாளாகும் என்பதை நான் என் சொந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தை உங்களுடன் பகிர்ந்துகொள்வது பெற்றோர் சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறேன்.

கள்ளக்குறிச்சியில் இருக்கிறது எங்கள் வீடு. என் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த அவனுடைய மாமா ஒரு பெட்டியைப் பரிசளித்தார். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். கிளையில் காய்கள் தொங்குவதுபோலக் கை, கால், வாள், கேடயம் எல்லாம் தனித்தனியே அவற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன. வெட்டி எடுத்து ஒட்டினால் ஓர் ஆள் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் வருவான். குள்ளர்கள், இராட்சதர்கள், சிறகுள்ள ஒரு குதிரை என்று எல்லாம் கதையுலகத்து உருவங்கள்.

ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பினேன். திருக்குர்ஆன் வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் அந்த உருவங்கள் அணிவகுத்து நின்றன. "தொழுகிற வீட்டில் சிலைகளா?" என்று கத்தியபடி அனைத்தையும் ஒரே வாரலாக வாரிப் பெட்டியில் போட்டேன். குதிரையின் சிறகு ஒன்று முறிந்து தரையில் விழுந்தது. மகன் அதைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "சரி அத்தா" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அதன்பின் நான் எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் பதிலாக வந்தது. ஒரு வாரம் வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை.

என் தாயார்தான் பேச்சைத் தொடங்கினார்கள். "சிந்துபாதைத் தூக்கிச் சென்ற ருக் பறவையின் கதையை நீ எத்தனை இரவு கேட்டிருப்பாய்! அப்போது நான் உன்னை அடித்தேனா? மார்க்கத்தில் சந்தேகம் வந்தால் அறிந்தவர்களிடம் போய்க் கேள், பிள்ளையிடம் கத்தாதே" என்றார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் நடந்ததைச் சொன்னேன். சிறகு முறிந்தது குதிரைக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே துணியாலான இரு சிறகுகள் கொண்ட குதிரை ஒன்று இருந்ததையும், அது என்ன என்று நபி (ஸல்) அவர்கள் வினவியதையும், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை அன்னையார் நினைவூட்டியபோது பெருமானார் வாய்விட்டுச் சிரித்ததையும் அபூதாவூத் நூலில் வரும் அறிவிப்பைக் கொண்டு விளக்கினார். பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களை அறிஞர்கள் பலர் அனுமதிப்பதற்கு இத்தகைய அறிவிப்புகளே ஆதாரம் என்றார். ஆயினும் உருவங்களை உண்டாக்குவதிலும் அழகுக்காக நிறுத்தி வைப்பதிலும் கடுமையான எச்சரிக்கைகள் இருப்பதையும் அவர் மறைக்கவில்லை. உருவம் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதையும் எடுத்துச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை மகனிடமே கொடுத்தேன். "அத்தா கோபப்பட்டது தவறு. இதில் அப்படி என்ன இருக்கிறது, எனக்கும் காட்டு" என்றேன். சற்றுத் தயங்கியவன் மெல்ல விளக்கத் தொடங்கினான். அன்றுதான் இந்தக் கலையின் பொறுமை எனக்குப் புரிந்தது.

வண்ணம் தீட்டுவது இதில் கடைசி வேலை. முதலில் உறுப்புகளைச் சிறு வெட்டுக்குறட்டால் நறுக்க வேண்டும். அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இருக்கும். அதை அரத்தால் தேய்த்து எடுக்காவிட்டால் வண்ணம் பட்டதும் தழும்புபோல் தெரியும். பிறகு சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்த வேண்டும். பிசுக்கு இருந்தால் வண்ணம் பிடிக்காது. அதன்மேல் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. அதுவும் காய்ந்த பின்புதான் தூரிகைக்கு வேலை. வண்ணத்தில் நீர் கலந்து இரண்டு மூன்று முறை மெல்லியதாகப் பூச வேண்டும். ஒரே பூச்சாகத் தடித்துப் பூசினால் நுணுக்கங்கள் மூடிப்போகும்.

எங்கள் தெருவில் மரச்சிற்பம் செதுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். மகனை அவரிடம் அழைத்துச் சென்றேன். அவன் கொண்டுபோன பிளாஸ்டிக் துண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி சரியாத்தான் தேய்ச்சிருக்கு பாய். எங்க வேலையிலும் உப்புத்தாள் போடுற பொறுமை இல்லாதவனுக்கு வார்னிஷ் ஒட்டாது" என்றார். ஆந்திரத்துக் கொண்டப்பள்ளிப் பொம்மைகளுக்கும் முதலில் சுண்ணாம்புப் பூச்சு, பிறகுதான் வண்ணம். ஊர் வேறானாலும் முறை ஒன்றுதான்.

மகனும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இருக்கும் உருவங்கள் விளையாட்டுக்கு மட்டும். விளையாடி முடித்ததும் பெட்டிக்குள் போய்விட வேண்டும். தூரிகை பிடிப்பதற்கு, அந்தக் கதையுலகத்துக்கு வேண்டிய மலையையும் மரத்தையும் பாழடைந்த கோட்டைச் சுவரையும் அவனே செய்ய வேண்டும். மேலைநாடுகளில் இப்படி நிலக்காட்சி செய்வதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் பலர் உண்டு என்று அவன்தான் சொன்னான்.

மலையைச் செய்வதற்கு மலையைப் பார்க்க வேண்டாமா? கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்குப் புறப்பட்டோம். கோமுகி அணையருகே இறங்கி, அஸர் வேளையில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "மலை என்ன நிறம் அத்தா?" என்று கேட்டான். "பச்சை" என்றேன். "நன்றாகப் பாருங்கள்" என்றான். அருகில் பச்சை, அதன் பின்னே சாம்பல் கலந்த பச்சை, தொலைவில் வெளிர்நீலம். பாறை வெடிப்புகளில் கருமை. இத்தனை ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்த மலையை அன்றுதான் நான் பார்த்தேன்.

முதல் மலை பாழாயிற்று. தெர்மாக்கோலை வெட்டி, அதன்மேல் நேரடியாக ஸ்பிரே பெயிண்ட் அடித்ததும் அது கரைந்து குழி விழுந்துவிட்டது. அதிலுள்ள கரைப்பான் தெர்மாக்கோலை அரித்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. இரண்டாவது மலைக்குத் தாளைக் கிழித்துப் பசையில் தோய்த்து மேலே ஒட்டிக் காயவிட்டோம். அதன்மேல் சலித்துக் கழுவிய மணல். அடிவண்ணம் கரும்பழுப்பு. பிறகு தூரிகையில் வெளிர்வண்ணம் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் மெல்ல இழுத்தான். பாறைக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. புல்லுக்கு என்ன செய்தோம் தெரியுமா? சிற்பப் பெரியவரின் பட்டறை மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் நனைத்து உலர்த்தித் தூவினோம்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதில் நாட்டம் இருக்குமானால் சில விஷயங்களைக் கவனியுங்கள். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமே வீட்டுக்கு ஏற்றது. தூரிகை முனையை வாயில் வைத்துக் கூராக்க விடாதீர்கள். ரெசின் உருவங்களைத் தேய்க்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரப்படுத்தித் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் அவசியம். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கக்கூடும், சிறுவர்களிடம் தராதீர்கள். இந்தப் பெட்டிகள் விலை மிகுந்தவை. மணலுக்கும் மரத்தூளுக்கும் செலவில்லை. பாங்கு ஒலித்தால் தூரிகையைக் கழுவி வைக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே உண்டாக்கிவிடுங்கள்.

அந்தக் குதிரையையும் சொல்லிவிடுகிறேன். சட்டைப்பையில் பத்திரப்படுத்தியிருந்த சிறகை மகன் மீண்டும் ஒட்டிவிட்டான். ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரிகிறது. "அதை அரத்தால் தேய்த்துவிடலாமே" என்றேன். "இருக்கட்டும் அத்தா" என்று சிரித்தான். 'சரி' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டிருந்த பிள்ளை இப்போது நான் கடையிலிருந்து வந்ததும், "இன்று என்ன செய்தேன் தெரியுமா?" என்று தொடங்குகிறான்.

பெற்றோரே! பிள்ளைகளைத் திருத்த வேண்டிய பொறுப்பு நமக்கு உண்டு. அதற்கு முன் அவர்கள் அருகில் ஒரு நாழிகை உட்கார்ந்து பாருங்கள். தெரியாததை அறிந்தவர்களிடம் கேளுங்கள். நம் பிள்ளைகளை நமக்குக் கண்குளிர்ச்சியாக வல்ல இறைவன் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.