பதில் சொல்லாத கருவி

முதலில் நெட்வொர்க் மேனேஜ்மென்ட், பிறகு தொழிற்சாலை ஆட்டோமேஷன். இந்த இரண்டிலும் மென்பொருள் எழுதித்தான் என் காலம் ஓடியது. ஒன்றில் ரூட்டரும் ஸ்விட்சும், மற்றதில் பம்பும் வால்வும் பாய்லரும். ஆனால் நான் எழுதியது ஏறக்குறைய ஒரே நிரல்தான்: தூரத்தில் இருக்கும் கருவியிடம் நிலவரம் கேட்பது, அது சொல்வதைத் திரையில் காட்டுவது. கருவி பதிலே சொல்லாவிட்டால் திரையில் எதைக் காட்டுவது? என் வேலைக்காலத்தின் கனமான பகுதி இந்தக் கேள்வியில்தான் போனது. இப்போது வேலைக்குச் சேரும் பிள்ளைகளோடு பேச உட்கார்ந்தால் எனக்கு முதலில் வாயில் வருவதும் இதுதான்.

நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்க எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை 1988-இல் வந்தது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கருவியில் கோளாறு என்றால் அது தானாகவே 'ட்ராப்' என்ற செய்தியை அனுப்பும். அந்தச் செய்தி சாதாரணமாக யூ.டி.பி. வழியாகப் போகும். தபால் பெட்டியில் போட்ட கார்டு மாதிரி, போய்ச் சேர்ந்ததா என்று போட்டவருக்குத் தெரியாது. கரன்ட் போய் அணைந்து கிடக்கும் ரூட்டரால் பெரும்பாலும் அந்தக் கார்டையும் போட முடியாது. அதனால் அலாரம் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. நாமே போய்க் கேட்கிறோம், பதில் இல்லை. கருவி செத்திருக்கலாம், வழியில் ஒரு லிங்க் அறுந்திருக்கலாம். அந்த லிங்குக்குப் பின்னால் நூறு கருவிகள் இருந்தால் நூறையும் சிவப்பாகக் காட்டுவது பொய். பழைய பச்சையிலேயே விட்டுவைப்பதும் பொய். 'தெரியவில்லை' என்பதற்குத் தனியாக ஒரு நிறம் வேண்டும். டெமோவில் பார்க்க நன்றாக இருக்காது என்று விற்பனைப் பிரிவில் முகம் சுளிப்பார்கள். அந்த நிறத்துக்காக மீட்டிங்கில் விடாமல் வாதாடிய நாள் என் வேலையின் நல்ல நாட்களில் ஒன்று.

எண்களும் இப்படித்தான். ஒரு போர்ட் வழியாக எத்தனை பைட் போனது என்று எண்ணும் பழைய கவுன்டர் 32 பிட். 4,294,967,295 வரை எண்ணிவிட்டு மறுபடி 0-இலிருந்து தொடங்கும். 10 மெகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால் அதற்கு ஏறத்தாழ 57 நிமிடம் ஆகும். 1 கிகாபிட் லைனில் 34 நொடி போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் மென்பொருளுக்கு இடையில் அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எப்படித் தெரியும்? கிராஃப் வழுவழுவென்று வரும், அத்தனையும் தப்பாக இருக்கும். இதற்காகவே 64 பிட் கவுன்டர் வந்தது.

தொழிற்சாலைக்கு வந்தபோது, பதில் வராவிட்டால் எதைக் காட்டுவது என்ற கேள்விக்கு அங்கே ரொம்ப காலம் முன்பே ஒரு நல்ல விடை இருந்ததைப் பார்த்து அசந்துபோனேன். சென்சாரிலிருந்து வரும் மின்னோட்டம் 4 முதல் 20 மில்லிஆம்பியர். தொட்டி காலி என்றால் 4, நிறைந்தால் 20. ஏன் 0-இலிருந்து தொடங்கவில்லை? 0 என்பது ஒயர் அறுந்ததற்கான அடையாளம். காலித் தொட்டியும் அறுந்த ஒயரும் ஒன்றாகத் தெரிந்துவிடக் கூடாது என்று யாரோ பொறுப்போடு யோசித்திருக்கிறார்கள்.

அதன் மதிப்பைக் கண்ணால் கண்டது பெருந்துறைப் பக்கம் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில். அங்கே கருவிகளைக் கண்காணித்து இயக்கிய பழைய ஸ்காடா மென்பொருளை மாற்றிக் கொடுக்கப் போயிருந்தோம். ஐ.டி.ஐ. படித்த இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் ஒருவர் லெவல் டிரான்ஸ்மிட்டரின் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். மல்டிமீட்டரில் 12 மில்லிஆம்பியர். திரையில் 50 சதவீதம். கணக்குச் சரி. பிறகு சின்ன ஸ்க்ரூடிரைவரால் டெர்மினலைத் தளர்த்தி, ஒரு ஒயரை வெளியே இழுத்துவிட்டு, "இப்ப உங்க திரை என்னங்க சார் சொல்லுது?" என்றார். 0 சதவீதம் என்றது. "பாத்தீங்களா, காலின்னு நெனச்சு மோட்டார் போட்டுருமுங்க. ராத்திரி ஷிப்டுல எலி ஒயரக் கடிச்சா, தொட்டி வழிஞ்சு ரோட்டுக்கு வந்துருமுங்க சார்."

சூத்திரப்படி 0 மில்லிஆம்பியருக்கு மைனஸ் 25 சதவீதம் வந்திருக்க வேண்டும். பழைய நிரலை எழுதியவர், மைனஸ் லெவல் என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று எண்ணி, கீழே போனதையெல்லாம் 0 ஆக்கிவிட்டார். ஒயர் அறுந்ததைச் சொல்ல வந்ததே அந்த மைனஸ் 25தான். புதிய நிரலில் 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் லெவல் எதையும் காட்டாமல் சென்சார் கோளாறு என்று சொல்லி, மோட்டாரை நிறுத்தும்படி எழுதினோம். அந்த டெக்னீஷியன் இன்னொரு முறை ஒயரைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

இதே வகைத் தவறு உலகம் அறிந்த விபத்துகளிலும் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், 1979 மார்ச் 28. அழுத்தம் குறைக்கும் வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்ததால் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மூடச் சொல்லிக் கட்டளை போயிற்றா என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டியது. வால்வு மூடியதா என்பது அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறி, உலையின் ஒரு பகுதி உருகியது.

'மெயில் போட்டுட்டேன் சார்' என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் எனக்கு அந்த விளக்குதான் நினைவுக்கு வரும். மெயில் போட்டது கட்டளை. எதிர்முனையில் வேலை நடந்ததா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் அலாரம் அடித்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. அங்கும் மூடியிருந்த ஒரு வால்வைத் திறந்திருப்பதாகவே திரை காட்டியது. வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன் வந்து குவிந்த அலாரம் 275. எதை முதலில் பார்ப்பது? அலாரம் எழுதும் ஒவ்வொருவரும், இது அடித்தால் அந்த மனிதர் எழுந்து போய் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும். அந்த வரி எழுத வரவில்லை என்றால் அந்த அலாரத்தை எடுத்துவிடுங்கள்.

தொழிற்சாலைக் கருவிகளின் அளவீடுகளை மென்பொருளுக்குக் கொடுக்க 1996-இல் வந்த ஓ.பி.சி. தரத்தில் எனக்குப் பிடித்த ஒழுங்கு ஒன்று உண்டு. எந்த அளவீடும் தனியாக வராது. எப்போது எடுத்தது என்ற நேரமும், நல்லது, கெட்டது, நிச்சயமில்லாதது என்ற தரமும் கூடவே வரும். ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் நீங்களும் அப்படிப் பேசிப் பழகுங்கள். "டெஸ்ட் முடிஞ்சுது, நேத்து சாயங்கால நிலவரம் இது, லோடு டெஸ்ட் மட்டும் இன்னும் நிச்சயமில்லை, நாலு மணிக்குத் தெரியும்." இப்படிச் சொல்பவரை முதல் சில வாரம் திறமை போதாதவர் என்றுகூட நினைப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். சிக்கலான ரிலீஸ் வரும்போது மேனேஜர் அவரைத்தான் தேடி வருவார். நாளை நீங்கள் டீம் லீட் ஆனால், 'தெரியலை' என்று வந்து நிற்கிற பிள்ளையிடம் கோபப்படாமல், எப்போது தெரியும் என்று மட்டும் கேளுங்கள்.

ஆட்டோமேஷன் பக்கம் வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அலுவலக மேசையில் இருக்கும் சிமுலேட்டர் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லும். அறுந்த ஒயரும், தண்ணீர் புகுந்த ஜங்ஷன் பாக்ஸும், வெல்டிங் போட்டவுடன் குதிக்கிற ரீடிங்கும் அதில் கிடைக்காது. அதனால் கமிஷனிங்குக்கு ஆள் கேட்டால் முதலில் பெயர் கொடுங்கள். சைட்டில் ஒரு முழு ராத்திரி ஷிப்ட் கூடவே நில்லுங்கள். பேனலைத் திறக்கும்போது எந்த ஒயர் எங்கே போகிறது என்று அங்குள்ள டெக்னீஷியன்களிடம் கேளுங்கள். வேலை நெருக்கடி இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் சலிக்காமல் சொல்லித் தருவார்கள். ஒரு நோட்டு மட்டும் கையில் இருக்கட்டும். லேப்டாப்பைத் திறந்து வைக்க அங்கே இடம் இருக்காது.