பனிக்காலத்து அடுப்பங்கரை

கார்த்திகை மழை ஓய்ந்து, ஏரிகள் நிரம்பித் ததும்ப, மார்கழி பிறக்கும் வேளையில் சென்னை மாநகரின் மேற்குப் புறம் புதுக்கோலம் பூணுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இவ்வூர்கள் கடலினின்று விலகி நிற்பவை. மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் கடல் இரவுக் குளிரைத் தணித்துவிடுகிறது. இங்கோ, மேகமற்ற வானத்தின் கீழ் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் விரைந்து இழந்துவிடுகிறது. குளிர்ந்த தரையைத் தொட்ட காற்றின் ஈரம் புல்நுனியில் முத்தாகிறது, ஏரிக்கரைகளில் வெண்மூட்டமாகிறது. கொரட்டூர், அம்பத்தூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் ஏரிகளைக் கதிரவன் எழுமுன் கண்டவர்கள் இக்காட்சியை மறவார்.

மேலை நாட்டவர்க்கு இது குளிரே அன்று. வாயிலை மூடும் வெண்பனியை மண்வெட்டியால் அள்ளி வழி செய்வது அவர்களது குளிர்கால வேலை. சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 பாகை செல்சியசுதான். அதுவும் 1895-லும் 1905-லும். எனினும், ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் உடலுக்கு இதுவே போதும். மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி எனப் பெயரிட்டுப் பிரித்த நம் முன்னோர், பனியை நன்கு உணர்ந்தவர்களே.

விடியலில் மூன்று ஊர்கள்

அம்பத்தூர் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும் ஊர். 1964-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொழிற்பேட்டைக்கு முதல் முறை வேலைக்குச் செல்வோர், காதுகளைத் துண்டால் மூடிக்கொண்டு சைக்கிளிலும் பேருந்திலும் விரைகின்றனர். ஆவின் பால் பண்ணையிலிருந்து வண்டிகள் புறப்படுகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த இளைஞர்கள், ஓர் அறையில் பலராக உறங்கி எழுந்து, தேநீர்க் கடையின் கொதிகலனருகே கைகளைச் சூடேற்றிக்கொள்கின்றனர்.

ஆவடியில், 1961-இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையின் குடியிருப்புகளில் சமையலறை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிகின்றன. மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரும் மின்சார ரயிலின் ஒலி, பலருக்கு அதுவே கடிகாரம்.

பூவிருந்தவல்லி என்னும் அழகிய பெயரே பூந்தமல்லி எனச் சுருங்கிற்று. 1936 முதல் குருமாணவர்களை உருவாக்கிவரும் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி அவ்வூரில்தான் உள்ளது. அங்கு பயின்ற குருக்கள் பலரும் மார்கழி விடியலின் குளிர்ந்த நீரையும், அதற்குப்பின் கிடைத்த சூடான காபியையும் ஒருங்கே நினைவுகூர்வர்.

பனிக்காலத்து வீட்டு வேலைகள்

பனிக்காலம் இல்லத்தரசியின் வேலையைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. இட்லி மாவு எளிதில் பொங்காது. ஆதலால் மாலையே அரைத்து, வெதுவெதுப்பான நீர் சேர்த்துக் கரைத்து, பாத்திரத்தைத் துணியால் சுற்றி அடுப்பின் அருகே வைக்கவேண்டும். பால் தயிராகத் தயங்கும். சூடு முற்றிலும் ஆறுமுன்பே, உறைமோர் சற்றுக் கூடுதலாக ஊற்றவேண்டும். தேங்காய் எண்ணெயோ, ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே இறங்கினால் கட்டியாகிவிடும். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் தலைக்குத் தடவ, புட்டியை வெந்நீரில் நிறுத்தி உருக்கவேண்டும்.

மொட்டை மாடிக் கொடியில் காயும் துணிகளைப் பொழுது சாயுமுன் எடுத்துவிடவேண்டும். மறந்தால் பகலெல்லாம் காய்ந்தவை இரவெல்லாம் நனையும். பெட்டியடியில் கிடந்த போர்வைகளையும் கம்பளிகளையும் வெயிலில் உதறிப் போடவேண்டும். கிறிஸ்து பிறப்புக்கு வீட்டை வெள்ளையடித்து, விண்மீன் கட்டி, குடில் அமைத்து, முறுக்கும் அதிரசமும் கல்கலும் செய்யவேண்டும். இத்தனைக்கும் நடுவே வாசல் தெளித்துக் கோலமிடும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் கூறுவது நம் கடமை. குளிருக்கு அஞ்சிக் கதவு, சன்னல் அனைத்தையும் அடைத்துவிட்டு, உள்ளே கரியடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே கேடு. அதினின்று எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை எழுப்பாமலே கொல்வது. மற்றொன்று, போகியன்று பழைய டயரையும் நெகிழியையும் கொளுத்துவது. பனியோடு கலந்த புகை மேலெழாமல் தாழவே தங்கிவிடும். 2018 சனவரி 13-ஆம் நாள் இப்புகைமூட்டத்தால் சென்னை விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. விமானத்தை நிறுத்திய புகை, ஈளை நோயுற்ற முதியவரின் மூச்சை விட்டுவைக்குமோ?

சிறு சுகங்கள்

வேலைகள் மிகுந்தாலும், இப்பருவத்திற்கென இறைவன் அருளிய சிறு சுகங்களும் பல. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுப் பனைவெல்லம் சேர்த்த காபி. தொண்டை கரகரத்தால் தூதுவளை ரசம். சளி பிடித்த குழந்தைக்குக் கற்பூரவல்லிச் சாறு. மூக்கடைப்புக்கு நொச்சியிலை போட்ட வெந்நீர் ஆவி. சந்தையில் பனங்கிழங்கும் மொச்சையும் சர்க்கரைவள்ளியும் வந்து குவியும். கிழங்கை வேகவைத்து, ஆவி பறக்கப் பறக்கப் பிள்ளைகள் சுற்றியமர்ந்து உரித்துத் தின்னும் மாலையின் இன்பத்தை எந்த உணவு விடுதியும் விற்க இயலாது. காலை இளவெயிலில் திண்ணையில் அமரும் பாட்டிக்குப் பாதவெடிப்பில் விளக்கெண்ணெய் தடவிவிடும் பேத்தியின் கை, மருந்தினும் மேலான மருந்து.

இரண்டு கரிநெருப்புகள்

வீடு சந்திக்கச் செல்லும்போது நாம் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு. வீட்டிலுள்ளோர் அனைவரும் போர்வைக்குள் இருக்க, ஒருத்தி மட்டும் நான்கு மணிக்கே எழுந்திருக்கிறாள். நீர் பிடித்து, வெந்நீர் வைத்து, சமைத்து, பிள்ளைகளை எழுப்பி, பிறகு தானும் தையல் ஆலைக்கோ வீட்டு வேலைக்கோ ஓடுகிறாள். எல்லார்க்கும் சூடாகப் பரிமாறியவள் தன் காபியை ஆறியபின்பே குடிக்கிறாள். குடும்பத்தின் சுகம் அனைத்தும் ஒருத்தியின் குளிரினின்று பெறப்படுமாயின், அது சுகமாகுமா?

யோவான் நற்செய்தியில் இரண்டு இடங்களில் கரிநெருப்பு வருகிறது. கிரேக்க மூலத்தில் அச்சொல் புதிய ஏற்பாட்டின் வேறெந்த நூலிலும் இல்லை. முதலாவது, தலைமைக் குருவின் முற்றத்தில், குளிர் மிகுந்த இரவில் மூட்டப்பட்டது. பேதுரு பிறர் மூட்டிய அந்நெருப்பில் குளிர் காய்ந்தார். குளிர் காய்ந்தவாறே தம் ஆண்டவரை மறுதலித்தார். இரண்டாவது, திபேரியாக் கடற்கரையில், விடியற்காலையில் மூட்டப்பட்டது. அதை மூட்டியவர் உயிர்த்த இயேசு. இரவெல்லாம் உழைத்து நனைந்து வந்த மீனவர்களுக்கு அவர் மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, உண்ண அழைத்தார். சாவை வென்ற இறைமகன் அடுப்பு மூட்டி உணவு சமைத்தார் என்றால், அவ்வேலையை இழிவு என்று ஒதுக்க எந்த ஆண்மகனுக்கு உரிமையுண்டு?

ஒவ்வொரு வீட்டிலும் இவ்விரு நெருப்புகளும் உண்டு. ஒன்றில் நாம் குளிர் காய்கிறோம்; மற்றொன்றை நாம் பிறர்க்காக மூட்டுகிறோம். இப்பனிக்காலத்தில் நாம் எதனருகே நிற்கிறோம்?

ஆவடியில் நாம் அறிந்த குடும்பம் ஒன்றில், தந்தை விடியலில் வெந்நீரும் காபியும் வைக்கிறார்; மூத்த மகன் நீர் பிடிக்கிறான்; மகள் தம்பியைப் புறப்படச் செய்கிறாள். தாய் அரைமணி நேரம் கூடுதலாக உறங்குகிறாள். செலவு ஏதுமில்லை. ஆனால் அவ்வீட்டு மாலைச் செபத்தில் முணுமுணுப்பு இல்லை.

வாசகர்களே, இத்திருவருகைக் காலத்தில் பெரிய ஒறுத்தல்களைத் தேடி அலைய வேண்டா. வாரத்தில் ஒரு நாளேனும் வீட்டின் முதல் அடுப்பை நீங்கள் மூட்டுங்கள். பெட்டியில் உறங்கும் கூடுதல் போர்வையை, அடுக்குமாடியின் வாயிலில் விழித்திருக்கும் காவலர்க்கோ, வெறுந்தரையில் படுக்கும் வடநாட்டு இளைஞர்க்கோ கொடுங்கள். தனித்து வாழும் மூதாட்டியின் வீட்டிற்கு ஒரு குவளை சுக்குக் காபி அனுப்புங்கள். தானியேல் நூலில் தீச்சூளையில் நின்ற மூன்று இளைஞர் பனியையும் குளிரையும் இறைவனை வாழ்த்த அழைத்தனர். நாம் மூட்டும் சிறு நெருப்பால் ஒருவர் குளிர் தீருமாயின், நம் ஊர்ப் பனியும் அவரை வாழ்த்தும்.